புருஷன் பேரைச் சொன்னேன்

எனக்குச் சித்தம் கலங்கின கதையை நானே சொல்லிடறேன். அடுத்தவங்க வாய்க்குப் போனா கண்ணு காது மூக்கு வெச்சுடுவாங்க. ஏற்கெனவே வெச்சாச்சு! நான் புளியமரத்துல தலைகீழாத் தொங்கினேன்னு மாதனூர் வரைக்கும் பேச்சு. தொங்கவே இல்ல. அந்த மரத்துல ஏற என்னை யாரு விட்டாங்க?

ஜெர்மன்காரன் சண்டை ஓஞ்ச புதுசு அது. ஆம்பூர் தோல் ஷாப்புங்கள்ல வேலை தலைக்கு மேல. என் புருஷன் ஒரு ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டி வேலை பாத்தாரு. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போட்டு, மயிரு கழலுற பதம் பாத்துத் தூக்கிப் போடணும். கை முழங்கை வரைக்கும் அதுலயே கிடக்கும். நான் அதே ஷாப்புல பின்பக்கக் கொட்டாயில பொம்பளைங்களோட உக்காந்து, தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிப்பேன். எனக்குக் கையெல்லாம் பட்டைக் கறை, அவருக்குக் கையெல்லாம் வெடிப்பு. சாயங்காலம் சாப்பிட்டதும் அவரு கையை நீட்டுவாரு. நான் விளக்கெண்ணெயைச் சுட வெச்சுத் தடவி ஒவ்வொரு விரலா நீவி விடுவேன். எரியும், பல்லைக் கடிச்சுக்குவாரு. அப்போதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே. ஒத்தை அறை வீடு, மாமியாரு கூடவே இருக்காங்க, வேற எப்படித்தான் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கறது? அந்த எண்ணெய்க் கிண்ணம்தான் எங்களைப் புருஷன் பொண்டாட்டி ஆக்கிச்சு.

எனக்கு வாய் ஜாஸ்தி. கோவம் வந்தா மேஸ்திரின்னும் பாக்க மாட்டேன், மொதலாளி சாயபு ஊட்டு ஆளுன்னும் பாக்க மாட்டேன். அவரு நேர் எதிர். வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி உக்காந்திருப்பாரு. ஆனா நான் மேஸ்திரியைத் திட்டினதை நடிச்சுக் காட்டினா தோளு குலுங்கச் சிரிப்பாரு. அந்தச் சிரிப்புக்காகவே தினம் யாரையாவது திட்டிட்டு வருவேன்.

இன்னொண்ணு சொல்லிடறேன், அது தெரியலன்னா இந்தக் கதையே புரியாது. எங்க பக்கத்துல பொண்டாட்டி வாயால புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னா அவரு ஆயுசு குறைஞ்சிடும்பாங்க. யாராவது வந்து "உன் புருஷன் பேரு இன்னா?"ன்னு கேட்டா, பக்கத்துல இருக்கறவதான் பதில் சொல்லணும். அதே பேருல சாமி இருந்தா, சாமியைக் கூடச் சுத்தி வளைச்சுத்தான் கூப்பிடணும். நான் அவரை "இந்தாய்யா"ம்பேன். கோவம் வந்தா "யோவ்". என் கிட்ட அவருக்கு இருந்த பேரு அவ்வளவுதான்.

ஒரு வெயில் காலத்துல மொதல்ல எனக்குத் தூக்கம் போச்சு. போனாப் போவுதுன்னு விட்டேன், ஏன்னா அசதியே இல்ல! ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்லுவேன்! காலையில கண்ணு முழிக்க வேண்டிய வேலையே கிடையாது, முழிச்சே இருக்கேன். மூணு பொம்பளைங்க இடிக்கிற பட்டையை நான் ஒருத்தி இடிக்கிறேன். இடிக்கிறப்போ பாட்டு தானா வருது. வழியில போற கிழவி, வண்டி இழுக்கற மாடு, பாலாத்து மணலு, எல்லாத்து மேலயும் எனக்கு ஆசை. எதைப் பாத்தாலும் இது எனக்காகத்தான் இங்க நிக்குதுன்னு தோணும். கட்டின புதுப்புடவையை அவுத்து ஒரு பிச்சைக்காரிக்குக் குடுத்துட்டு அவ பழசைச் சுத்திக்கிட்டு வந்தேன். மேஸ்திரியைப் பாத்து, "நாளையிலேருந்து இந்த ஷாப்பை நான் பாத்துக்கறேன், நீ ஊட்டுக்குப் போய் ரெஸ்டு எடு"ன்னேன். அந்தாளு மூஞ்சி போன போக்கை இப்போ நெனச்சாலும் சிரிப்பு வருது.

மொதல்ல என் புருஷனுக்கும் ஒரே குஷி. எண்ணெய் தேய்க்கறப்போ நான் பேசறேன், பேசறேன், பேசிக்கிட்டே இருக்கேன். அவரும் பதிலுக்குப் பேசினாரு! சின்ன வயசுல ஏரியில விழுந்தது, அப்பன் செத்தப்போ அழுகை வராம தவிச்சது, யாருக்கும் சொல்லாததெல்லாம் எனக்குச் சொன்னாரு. அது நோய்னு எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. எங்களுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சுன்னு ரெண்டு பேருமே நம்பினோம்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் நான் உலக்கையைப் போட்டுட்டு நேராச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனேன். அங்க பொம்பளைங்க போற வழக்கமே இல்ல. அத்தனை ஆம்பளைங்க நடுவுல அவரு ஈரக் கையைக் கெட்டியாப் புடிச்சு, "வாய்யா, கெளம்பு, ரெயில் ஏறிப் பட்டணம் பாத்துட்டு வந்துடலாம்"னேன். எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. அவரு கையை உதறினாரு. நான் மறுபடியும் புடிச்சேன். அவரு உதறின வேகத்துல நான் சகதியில உக்காந்துட்டேன். உக்காந்துக்கிட்டும் சிரிக்கிறேன். அவரு மட்டும் சிரிக்கல. என்னைப் பாத்த பார்வையில பயம் இருந்துச்சு. என்னைப் பாத்து என் புருஷன் பயந்தது அதுதான் மொதத் தரம்.

மாமியாரு அன்னிக்கே முடிவு கட்டிட்டாங்க. ஆத்தங்கரைப் புளியமரத்துல அற்பாயுசுல தொங்கினவன் எவனோ என் மேல ஆசைப்பட்டு ஏறிட்டானாம். ஆம்பளைப் பேயாம். அதான் எனக்கு வெக்கம் விட்டுப் போச்சாம். பேயை ஓட்டற வரைக்கும் புருஷன் கிட்ட வரக் கூடாது, வந்தா அது அவரைத்தான் மொதல்ல அடிக்கும்னாங்க. அந்த அம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். இருக்கறது ஒத்தைப் புள்ளை, அவங்க பயம் அவங்களுக்கு. எண்ணெய்க் கிண்ணம் பரணுக்குப் போய்டுச்சு.

இதுல கூத்து இன்னான்னா, என் புருஷனுக்கு அந்தப் பேய் மேல பொறாமை! வாசப்படிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு மெதுவாக் கேக்கறாரு, "யாரு அவன்?"

"யாருய்யா?"

"உன் மேல இருக்கறவன். எனக்குத் தெரிஞ்சவனா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. சிரிச்சா இன்னும் சந்தேகம். "என் மேல ஒருத்தனும் இல்லய்யா"ன்னு சத்தியம் பண்றேன். பண்ணிக்கிட்டே கை தட்டறேன், பாடறேன். எவன் நம்புவான்?

அமாவாசை உச்சிப் பொழுதுல பூசாரி வந்தாரு. பம்பை, உடுக்கை எல்லாம் வந்துச்சு. புளியமரத்தடியில என்னை உக்கார வெச்சு, தலைமயிரை அவுத்து விட்டாங்க. ஊரே கூடிடுச்சு. பம்பை அடிக்க அடிக்க எனக்கு ஒடம்பெல்லாம் துடிக்குது. பயமா? பயமே இல்ல! எனக்காக மேளம் அடிக்கிறாங்கன்னு பெருமை. பூசாரி என் மயிரைக் கொத்தாப் புடிச்சுக்கிட்டுக் கத்தறாரு, "சொல்லு! யாரு நீ? எவன் நீ? இந்தப் பொண்ணுக்குள்ள இருக்கறவன் பேரு இன்னா?"

எனக்குள்ள யாரு இருக்கான்னு கேட்டா நான் யாரைச் சொல்லுவேன்? கூட்டத்துல கடைசியில நிக்கிறாரு அவரு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் அவரைப் பாத்தேன். பாத்து, தொண்டை கிழியற மாதிரி, என் புருஷன் பேரைச் சொன்னேன். ஒரு தரம் இல்ல, பம்பை அடிக்கு அடி சொன்னேன்.

அவ்வளவுதான், கூட்டம் ஆடிப் போச்சு. பொம்பளைங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. "பாத்தீங்களா! எந்தப் பொண்டாட்டியாவது புருஷன் பேரைச் சொல்லுவாளா? அவன்தான் பேசறான்!"னு பூசாரி குதிச்சாரு. எனக்குள்ள இருந்த ஒரே நெசமான பேச்சு அதுதான். அதையே பேய்க்குச் சாட்சியா ஆக்கிட்டாங்க. உச்சி மயிரைக் கொத்தாப் பிடுங்கி மரத்துல ஆணி அடிச்சாங்க. வலியில கண்ணு இருட்டறப்போ அவரு நின்ன இடத்தைப் பாத்தேன். அங்க அவரு இல்ல.

பேய் போச்சோ இல்லயோ, என் சந்தோஷம் போச்சு. பாயில விழுந்தேன். எழுந்திருக்கவே மனசு வரல, கவளம் தொண்டையில எறங்கல. அதைப் பத்தி ஜாஸ்தி சொல்ல மாட்டேன், சொல்ல ஒண்ணுமே இல்லாத காலம் அது. மழை வந்து பாலாத்துல தண்ணி ஓடினப்போ கொஞ்சம் கொஞ்சமாத் தெளிஞ்சேன். மறுபடியும் பட்டை இடிக்கப் போனேன். மேஸ்திரி கூட ஒண்ணும் சொல்லல.

தெளிஞ்சதுக்கு அப்புறம்தான்யா எனக்கு நெசமான பேஜார்! ஊட்டுல நான் சிரிச்சா, மாமியாரு கையில இருக்கற கரண்டி அப்படியே நிக்கும். கொஞ்சம் சத்தமாப் பேசினா புருஷனும் மாமியாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. பக்கத்து வீட்டுக்காரி மாட்டுக்கு வெச்ச கழுநீரைக் கவுத்துட்டான்னு கோவப்பட்டா, "வந்துடுச்சா?"ன்னு ஒரு கேள்வி. பாட்டு முணுமுணுத்தா "வந்துடுச்சா?" எல்லாருக்கும் சிரிப்பு சிரிப்பா இருக்கு, எனக்கு மட்டும் அது நோயா? வயிறு எரியும். ஆனா எரியுதுன்னு சொன்னா, அதுக்கும் அதே கேள்விதான்.

அதனால வாயைத் தெச்சுக்கிட்டேன். கேட்டதுக்குப் பதில், போட்ட சோறு, குனிஞ்ச தலை. நல்ல பொண்ணுன்னு பேரு வாங்கினேன். அவருக்கு எதுத்தாப்புல உக்காந்து சோறு போடறேன், மேஸ்திரியைப் பத்தி ஒரு வார்த்தை வரல. அவரு கையில வெடிப்பு ரத்தம் கட்டி நிக்குது. பரண்ல கிண்ணம் இருக்கு. எடுத்துட்டு வந்து கையைப் புடிச்சா, அன்னிக்குத் தொட்டியண்ட புடிச்சது அவரு ஞாபகத்துக்கு வந்துடுமோன்னு எனக்குப் பயம். அவரு வெளியில கட்டில் போட்டுப் படுக்கறாரு. என் உச்சியில மயிரு இல்லாத எடத்தை மட்டும் சில சமயம் பாப்பாரு, பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்குவாரு. வெறுத்துட்டாருன்னே நெனச்சேன். நான் சாகற வரைக்கும் இப்படியே நல்ல பொண்ணா இருக்கணுமான்னு தோணும்.

தை பொறந்ததும் கோலார் தங்கச் சுரங்கத்துலேருந்து அவரு பங்காளி ஆளனுப்பினாரு. அங்க வேலை இருக்கு, வந்துடுன்னு. மாமியாருக்கு அதுல வேற கணக்கு. அவரு அங்க போய்ட்டா என்னைக் குடியாத்தத்துல எங்கம்மா வீட்டுல விட்டுடலாம், அப்புறம் கோலார்லயே ஒரு பொண்ணைப் பாத்து அவருக்குக் கட்டி வெச்சுடலாம். யாரும் வாய்விட்டுச் சொல்லல. ஆனா எங்கம்மாவுக்குச் சேதி போய்டுச்சு, என் பொட்டியும் வாசலுக்கு வந்துடுச்சு. புரியாம இருக்க நான் இன்னா பச்சைக் கொழந்தையா?

அன்னிக்குக் காலையில அவரு மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு, என்னைப் பாக்காம, சுவத்தைப் பாத்து, "போய்ட்டு வர்றேன்"னாரு.

நான், "உம்"னேன். வேற இன்னா சொல்றது? கத்தினா வந்துடுச்சும்பாங்க, அழுதாலும் வந்துடுச்சும்பாங்க. உலக்கையைத் தூக்கிக்கிட்டு ஷாப்புக்குப் போய்ட்டேன்.

கொட்டாயில என் தோஸ்து ஒருத்தி, எனக்கு நேர் எதுருல உக்காந்து இடிக்கிறவ. அவளுக்கு என்னை விட வாய் ஜாஸ்தி. "உன் புருஷன் போறான், நீ பட்டை இடிக்கிறியா? தூ! பேய் புடிச்சிருந்தப்போ நீ எவ்வளவோ தேவலை. அப்போவாவது அவன் கையைப் புடிச்சே!"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அவ மேல வந்துச்சு, அவரு மேல வந்துச்சு, பூசாரி மேல, புளியமரத்து மேல, எல்லாத்துக்கும் மேல வாயைப் பொத்திக்கிட்டிருந்த என் மேலயே வந்துச்சு. அத்தனை மாசமா முழுங்கின கோவம் மொத்தமும் தொண்டைக்கு வந்துடுச்சு. ஆனா புத்தி பளிச்சுனு இருந்துச்சு. அன்னிக்கு மாதிரி மாட்டு மேல எல்லாம் ஆசை வரல. ஒரே ஆள் மேல ஆசை. உலக்கையைப் போட்டுட்டு ஓடினேன்.

பட்டைத் தூளு மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டு, முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டம். சந்தை வழியா ஓடறேன், "ஐயோ, பேய் புடிச்சவ ஓடறா!"ன்னு பின்னால சத்தம். கத்தட்டும்னு ஓடறேன். ரெயில் வந்து நிக்குது. ஒரே கூட்டம், தோல் கட்டு ஏத்தறாங்க, எறக்கறாங்க. தூரத்துல அவரு முதுகு தெரியுது. படியில ஒரு காலு வெச்சுட்டாரு.

"இந்தாய்யா!"ன்னு கத்தினேன். யாரோ ஒரு கிழவன் திரும்பினான். "யோவ்!"னேன். ஸ்டேஷன்ல இருந்த பாதி ஆம்பளைங்க திரும்பறாங்க, அவரைத் தவிர! ஊருல இருக்கற அத்தனை பொண்டாட்டிக்கும் புருஷன் "யோவ்"தானே, என் "யோவ்" எதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஊதல் ஊதிடுச்சு. ரெண்டாவது காலையும் தூக்கறாரு. எனக்கு வேற வழியே இல்ல.

பேரைச் சொன்னேன்.

நல்லா தெரிஞ்சே, சுத்தமான புத்தியோட, முழுப் பேரையும் சொன்னேன். ஸ்டேஷனே கப்சிப். தோல் கட்டு தூக்கறவன் கட்டோட நிக்கிறான். அவரு சடார்னு திரும்பினாரு. என்னைப் பாத்தாரு. மூட்டை ரெயிலுக்குள்ள போய்டுச்சு, அவரு வெளியில குதிச்சாரு! குதிச்சு, கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு ஓடி வந்து என் ரெண்டு மணிக்கட்டையும் கெட்டியாப் புடிச்சாரு. கை சொரசொரன்னு, அத்தனை வெடிப்பு. முகத்துல அந்தப் பழைய பயம்.

"வந்துடுச்சா?"ன்னாரு.

"வரல."

"நெசமாச் சொல்லு. வந்துடுச்சுன்னா நான் போகல. உன்னை விட்டுட்டுப் போகல."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க! நல்லா இருந்தா போய்டுவாராம், கலங்கினா இருப்பாராம்! "ஏன்யா, நல்லா இருக்கறவ உனக்கு வேணாமா? பைத்தியம் புடிச்சாத்தான் கூட இருப்பியா?"ன்னு அத்தனை பேரு முன்னாலயும் கத்தினேன்.

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ரெயில் நகருது, அவரு மூட்டை தங்கச் சுரங்கத்துக்குப் போகுது, அவரு திரும்பிக் கூடப் பாக்கல. வாயில கொழுக்கட்டை வெச்சிருந்த மனுஷன் பேச ஆரம்பிச்சாரு.

"தெளிஞ்சதுலேருந்து நீ என் கிட்ட ஒரு வார்த்தை பேசலியே. சிரிக்கல, திட்டல, கையைக் கூடப் பாக்கல. என் மேல ஆசைப்பட்டவ பேய்தான், அதை ஓட்டிட்டாங்க, மிச்சம் இருக்கற பொண்டாட்டிக்கு என்னைப் புடிக்கலன்னு நெனச்சேன். அன்னிக்கு மரத்தடியில என் பேரைச் சொன்னது யாருன்னு உன்னைக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. பேய்னு சொல்லிட்டா இன்னா பண்றது? அதான் கெளம்பிட்டேன்."

நான் அழுதேன், சிரிச்சேன், ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. "அன்னிக்குச் சொன்னதும் நான்தான்யா, இன்னிக்குச் சொன்னதும் நான்தான்"னேன். சுத்தி நின்னவங்க எல்லாம், "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னு பேசிக்கறாங்க. அவரு என் கையை விடவே இல்ல. புடிச்சபடியே சந்தை வழியா ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கை கோத்துக்கிட்டுப் போற புருஷன் பொண்டாட்டியை எங்க ஊரு அன்னிக்குத்தான் பாத்துச்சு.

வர்ற வழியில கேட்டேன், "எனக்கு ஒண்ணும் இல்லன்னு நீ மட்டும் எப்படிய்யா நம்பினே? ஊரே நம்பலியே."

"கலங்கி இருந்தப்போவும் என்னைக் கூப்பிடுவே. நான் திரும்பறதுக்குள்ள வேற பேச்சுக்குப் போய்டுவே. இன்னிக்கு நான் திரும்பற வரைக்கும் அங்கேயே நின்னே"ன்னாரு.

ஊட்டுக்கு வந்ததும் என் பொட்டியை அவரே தூக்கி உள்ள வெச்சாரு. மாமியாரு வாயைத் தொறந்தாங்க. நான் பரண்லேருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். தூசியைத் தொடச்சு, சுட வெச்சு, அவங்க கண்ணு முன்னாலயே அவரு கையைப் புடிச்சு ஒவ்வொரு விரலா நீவினேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு, தோளு குலுங்கச் சிரிச்சாரு. மேஸ்திரியைத் திட்டி ரொம்ப நாளாச்சு, அன்னிக்கு வஞ்சனை இல்லாமத் திட்டினேன்.

நோய் அப்புறம் வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு தரம் வந்துச்சு. ரெண்டு தரமும் தூக்கம் போச்சு, பாட்டு வந்துச்சு, அவரு பேரை வீதி வீதியாக் கத்தினேனாம். பூசாரியைக் கூப்பிட அவரு விடல. ஒவ்வொரு தரம் நான் கூப்பிடறப்போவும், செய்யற வேலையைப் போட்டுட்டுத் திரும்பிப் பாப்பாராம், நான் நிக்கிறேனா இல்லயான்னு. நான் நின்னிருக்க மாட்டேன். அவரு மறுபடியும் வேலையைப் பாப்பாரு. மறுபடியும் கூப்பிடுவேன், மறுபடியும் திரும்புவாரு. நான் நிக்கிற வரைக்கும் திரும்பிக்கிட்டேதான் இருந்தாரு.